இங்கிலாந்துச் சிறுநகர மர்மக் கதை: போலீஸ் கைகொடுக்காமல் மூன்று பெண்கள் துப்புத் துலக்குவது எப்படி?

ஆற்றுமணல்:

வணக்கம். ஒரு தொடர் நாவலின் முதல் பாகம், ரத்தம் தெறிக்காத கோஸி மிஸ்டரி வகை. தேம்ஸ் கரையில் மெய்டன்ஹெட்டுக்கும் ஹென்லிக்கும் நடுவே ஒரு கற்பனை ஊர், 2019 ஜனவரி. துப்பறிபவர்கள் மூன்று பெண்கள்: ஓய்வுபெற்ற நூலகர், மருந்துக்கடை பார்மசிஸ்ட், அலாட்மென்ட்டில் (கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு) காய்கறி போடும் ஒரு விதவை.

சாகிறவருக்கு 74 வயது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கொலையாளி அவருடைய அக்கா மகன். ஃபாக்ஸ்குளோவ் (இதயத்தைத் தாக்கும் நச்சுச் செடி) இலையை மூலிகைத் தேநீராகப் போட்டுக் கொடுக்கிறான். குடித்த கையோடு பெரியவர் மயங்கி, வீட்டுப் படகுத்துறையிலிருந்து ஆற்றில் விழுகிறார். மறுநாள் காலை லாக் (படகுகள் நீர்மட்டம் மாறிக் கடக்கும் மதகு) கதவருகே உடல் மிதக்கிறது. போலீஸ் விபத்து என்கிறது. பிறகு விஷம் தெரியவந்ததும், "மாமா காம்ஃப்ரி இலை என்று நினைத்துத் தானே பறித்துக் குடித்துவிட்டார்" என்று அவன் தப்பிக்கப் பார்க்கிறான் (காம்ஃப்ரி ஒரு மூலிகைச் செடி). கதை பத்து நாளில் முடிகிறது.

இடிக்கும் இடங்களைச் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் இவர்கள் வீட்டில் உட்கார்ந்து போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை ஒப்பிக்கிறார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. வக்கீல் எல்லோரையும் கூட்டி உயில் வாசிக்கும்போதுதான் கொலைக்கான காரணம் தெரிகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் மாதிரி இருக்கிறது. முடிவில் மூவரும் அவன் வாயாலேயே உண்மையை வரவழைக்கிறார்கள். அது கோர்ட்டில் நிற்குமா? வேறு பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு:

இன்ஸ்பெக்டர் எதையும் ஒப்பிக்க வேண்டாம். இயற்கைக்கு மாறான சாவு என்றால் அங்கே கொரோனரிடம் (சாவின் காரணத்தை விசாரிக்கும் அதிகாரி) போகும். அவர் நடத்தும் இன்க்வெஸ்ட் என்ற விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். முதல் அமர்வு பெரும்பாலும் சில நிமிடம்தான்: இறந்தவர் யார், எங்கே, எப்போது, தற்காலிகமாகத் தெரிந்த மருத்துவக் காரணம் என்ன. அதோடு ஒத்திவைப்பார்கள். நூலகர் பின்வரிசையில் பென்சிலோடு உட்கார்ந்தால் உங்கள் தேநீர்க் காட்சிக்கு வேலையே இல்லை. ஆனால் அவரால் கேள்வி கேட்க முடியாது. அந்த உரிமை குடும்பத்தார் போன்ற நேரடித் தொடர்புள்ளவர்களுக்குத்தான். அக்கா மகனுக்கு அது உண்டு என்பதைக் கவனியுங்கள். அவன் என்ன கேட்கிறான், எதைக் கேட்காமல் விடுகிறான் என்பதே ஒரு தடயமாகலாம். கொலையாளி இன்னார் என்று கொரோனர் விரல் நீட்டும் காட்சி மட்டும் வேண்டாம். கொரோனர்கள் பற்றிய 2009 சட்டம் அதைத் தடுக்கிறது.

உயில் வாசிப்பை வெட்டிவிடுங்கள். அங்கே அப்படி ஒரு சடங்கு கிடையாது. பயனாளிகளுக்குக் கடிதம் போகும், அவ்வளவுதான். புரொபேட் (உயில் செல்லும் என்ற சட்டபூர்வ உறுதி) ஆனபிறகு யாரும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். ஆனால் அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். உங்கள் கதையோ பத்து நாளில் முடிகிறது.

அதைவிட நல்ல வழி சாட்சிக் கையெழுத்து. 1837 உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்கும்போது உயில் எழுதுபவர் கையெழுத்துப் போட வேண்டும். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவது சகஜம். நூலகரே ஒரு சாட்சியாக இருக்கட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தேதி தெரியும், கூடக் கையெழுத்துப் போட்டது யார் என்று தெரியும். தனக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும், ஏனென்றால் 15ஆம் பிரிவு சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிவைப்பதைச் செல்லாததாக்குகிறது.

காரணத்துக்கு 18ஆம் பிரிவைப் பிடியுங்கள். கல்யாணம் ஆனால் பழைய உயில் ரத்து (அந்தக் கல்யாணத்தை எதிர்பார்த்தே எழுதியது விதிவிலக்கு). பிள்ளையில்லாதவர் உயில் இல்லாமல் செத்தால் சொத்து முழுக்க மனைவிக்கு. பழைய உயிலில் வீடு அக்கா மகனுக்கு; பெரியவர் இப்போது மறுமணம் செய்யப் போகிறார் என்று வையுங்கள். கல்யாண நாள்தான் கெடு. அதை யாரும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை: சர்ச்சில் 'பான்ஸ்' என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லி அறிவிப்பார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். சர்ச் பக்கமே வராத அக்கா மகன் மூன்றாவது ஞாயிறு கடைசி பெஞ்சில் இருந்ததை ஊர்ப்பெண்கள் கவனிப்பார்களா, இன்ஸ்பெக்டர் கவனிப்பாரா?

அவன் மனைவியை இரண்டாவது சாட்சியாக்கி, கொன்றும் காலணா பெறவில்லை என்று இன்னொரு திருப்பம் வைக்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில் திணறும். எப்படியும் கொன்றவன் சொத்தை அடைய முடியாது என்ற விதி தனியாக இருக்கிறது.

நீரோட்டம்:

உடல் விஷயம் தப்பு. மூழ்கியவர் உடல் பொதுவாக முதலில் அடியில் போகும். உள்ளே வாயு சேர்ந்தபிறகுதான் மேலே வரும். கோடைத் தண்ணீரில் சில நாள், ஜனவரிக் குளிரில் வாரக்கணக்கில். மறுநாள் காலையே கிடைக்க வேண்டுமானால் உடல் எதிலாவது சிக்கியிருக்க வேண்டும்.

லாக் கதவும் பொருந்தாது. மழைக்காலத்தில் ஓட்டம் தடுப்பணைப் பக்கம் இழுக்கும். லாக் வாய்க்கால் தேங்கிக் கிடக்கும். தடுப்பணைக்கு மேலே படகுகள் போய்விடாமல் மிதவைச் சங்கிலி கட்டியிருப்பார்கள், அதில் கோட்டு மாட்டிக்கொள்ளட்டும். லாக்கில் சிவப்புப் பலகை ("வலுத்த ஓட்டம்") தொங்குவதை முந்தைய அத்தியாயத்திலேயே காட்டிவிட்டால், போலீஸ் விபத்து என்று முடிவு கட்டுவதும் இயல்பாகிவிடும். அங்கே ஜனவரி நடுவில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முள்ளிச்செடி:

உங்கள் கதையின் ஆகப் பெரிய சீட்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை.

காம்ஃப்ரியையும் ஃபாக்ஸ்குளோவையும் மாற்றிப் பறித்து விஷமேறிய சம்பவங்கள் உண்மையிலேயே உண்டு. பூக்காத நிலையில் இரண்டும் தரையோடு விரிந்த பெரிய இலைகள். அதனால் அக்கா மகன் சொல்வதை டாக்டரும் போலீசும் நம்புவார்கள். ஆனால் மாதம் ஜனவரி. காம்ஃப்ரி குளிர்காலத்தில் மேலே அழுகி மண்ணுக்குள் அடங்கிவிடும். பறிக்க ஓர் இலைகூட இருக்காது. ஃபாக்ஸ்குளோவ் இரண்டாண்டுச் செடி, முதலாண்டு இலைக்கொத்து குளிரிலும் பச்சையாகவே நிற்கும். இல்லாத செடி என்று நினைத்து எப்படிப் பறித்தார்? அலாட்மென்ட் பெண்ணுக்கு இது படிக்காமலே தெரியும்: காம்ஃப்ரி இலையை ஊறவைத்து உரத்தண்ணீர் எடுப்பவர்கள் அவர்கள், அந்த நாற்றம் மறக்காது.

காய்ந்த இலை வைத்திருந்தார் என்று அவன் மாற்றிச் சொன்னால்? அதற்கு இலையே பதில் சொல்லட்டும். சமையலறைக் கழிவு வாளியில் தேநீர் வடிகட்டிய ஈர உருண்டை கிடக்கிறது. ஒரு இலையைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல விரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்: காம்ஃப்ரிக்கு ஓரம் மழுங்கல், ரோமம் சொரசொரப்பு. ஃபாக்ஸ்குளோவுக்கு ஓரத்தில் பொடிப் பற்கள், அடிப்பக்கம் வலை நரம்பும் மெத்தென்ற பூரோமமும். அரை நிமிடக் காட்சி, வாசகரும் கூடவே பார்க்கலாம்.

"குடித்த கையோடு மயங்கி" என்பதை மாற்றுங்கள். இந்த விஷம் மணிக்கணக்கில் வேலை செய்யும்: குமட்டல், வாந்தி, நாடி தளர்ச்சி, சிலருக்குப் பார்வையில் மஞ்சள் படரும். மூன்று மணிக்குத் தேநீர், இருட்டியபிறகு துறையில் தடுமாற்றம் என்று வையுங்கள். நடுவில் அவர் யாருக்காவது போன் செய்து விளக்கெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று சொல்லலாம். பார்மசிஸ்ட்டுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வழக்கமான நச்சுச் சோதனையில் இது பொதுவாகச் சிக்காது, குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பெரியவருக்கு டிஜாக்சின் (இதே வகை வேதிப்பொருள் உள்ள இதய மருந்து) மாத்திரை எழுதித் தரவே இல்லை என்று பார்மசிஸ்ட்டுக்குத் தெரியும். நோயாளி ரகசியம் என்பதால் தோழிகளிடம் சொல்லக் கூடாது, கொரோனர் அலுவலகத்துக்குச் சொல்லலாம். மூவருக்குள் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருப்பது நல்ல உரசல். மாத்திரையில் இருப்பது டிஜாக்சின். ஊதாப்பூ ஃபாக்ஸ்குளோவில் முக்கியமாக டிஜிடாக்சின். துல்லியமான ஆய்வு இரண்டையும் பிரித்துவிடும், முடிவு வர நாளாகும்.

ஆற்றுமணல்:

ஜனவரி விஷயத்தில் ஆடிப்போய்விட்டேன், பனி பிடிக்கும் என்றுதான் அந்த மாதத்தையே வைத்தேன்! இரண்டு சந்தேகம். கழிவு வாளியை இவர்கள் எடுத்துப் போகலாமா? அந்த வாக்குமூலம்?

வழக்குக்கட்டு:

எடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் என்று பெரியவர் வீட்டுச் சாவி நூலகரிடம் இருந்தால் உள்ளே போவதில் பெரிய சிக்கல் இல்லை. பொருளைத் தூக்கினால் திருட்டு, தடயம் யார் யார் கைமாறியது என்ற கேள்வியும் வரும். வாளியில் மேலாகக் கிடக்கும் ஒரு இலையைப் பார்த்து, போனில் படம் எடுத்து, அப்படியே வைத்துவிட்டு போலீசின் அவசரமில்லாத எண்ணான 101க்கு அழைக்கட்டும். 999 அவசரத்துக்கு. தட்டில் மிதக்கவிடும் காட்சியைத் தடயவியல் மேசைக்கோ, வேறொரு செடியின் இலையை வைத்து அலாட்மென்ட் பெண் விளக்கிக் காட்டுவதற்கோ நகர்த்துங்கள்.

வாக்குமூலம்: விசாரிக்கும் முன் எச்சரிக்கை வாசகம் சொல்லும் கடமை போலீசுக்கு, இந்தப் பெண்களுக்கு இல்லை. அவன் தானாக உளறினால் சாட்சியமாகலாம். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கினால் போலீஸ், குற்றச் சாட்சியம் பற்றிய 1984 சட்டத்தின் 76ஆம் பிரிவில் அடிபடும். ஆகவே "ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறோம்" என்று யாரும் சொல்லக் கூடாது. கைதானபின் குற்றம் சாட்டாமல் வைத்திருக்க 24 மணி நேரம், மேலதிகாரி அனுமதித்தால் 36, மாஜிஸ்திரேட் மூலம் அதிகபட்சம் 96. கடைசி அத்தியாயங்களுக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது.

இருப்புப்பாதை:

அலிபைக்கு (சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்று அவன் சொல்வதற்கு) ஒன்று. மெய்டன்ஹெட்டிலிருந்து மார்லோ போகும் கிளைப்பாதை அந்தப் பக்கம்தான். ரயில் போர்ன் எண்டில் நின்று, டிரைவர் மறுமுனைக்குப் போய், வந்த திசையிலேயே கிளம்பும். மெய்டன்ஹெட்டில் முதல் பெட்டி, மார்லோவில் கடைசிப் பெட்டி. கடைசிவரை முதல் பெட்டியில் இருந்தேன் என்பவன் அந்த ரயிலில் வரவே இல்லை. நெரிசல் நேரத்தில் போர்ன் எண்டில் மாறி ஏற வேண்டியிருக்கும், அதனால் நடுப்பகல் வண்டியாக வையுங்கள்.

முள்ளிச்செடி:

ஒன்று விட்டுப்போனது. பெரியவரின் காம்ஃப்ரிப் பாத்தியை மூன்றாம் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள்: வெறும் மண், பெயர் எழுதிய மரக்குச்சி, அதன்மேல் உறைபனி. ஒரு வரி போதும், வர்ணனை மாதிரி கடந்துபோகட்டும். "காம்ஃப்ரி என்று நினைத்துப் பறித்தார்" என்று அக்கா மகன் சொல்வது அதற்கு நாலைந்து அத்தியாயம் தள்ளி வரட்டும்.