பள்ளி விட்டதும் மாலை வகுப்புக்கு அனுப்பினால் பலன் இருக்கிறதா?

பாம்பன் அம்மா:
மகன் ஏழாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டதும் பை திண்ணையில் கிடக்கும், ஆள் படகுத்துறையில் இருப்பான். வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்தால் முப்பது நாற்பது ரூபாய் கிடைக்கிறது, அந்தக் காசைப் பார்த்ததிலிருந்து புத்தகத்தைத் தொடுவதே இல்லை. நான் கடல்பாசி எடுத்துக் கரையேறி, வீட்டு வேலை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பக்கத்துத் தெருவில் படித்த பெண்கள் இரண்டு பேர் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லித் தருகிறார்கள். அவன் அப்பா டியூஷனில் சேர்த்தால் போதும் என்கிறார். எது நல்லது?

மண்டபம் தங்கச்சி:
தயங்காமல் அனுப்புங்க அக்கா. 2021-இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்கிற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்து எங்கள் வீட்டு வாசலில் வகுப்பு எடுத்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. பெரிய பையன் ஒருவன் வகுத்தல் என்றாலே தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் அவனிடம், "வல்லத்தில், அதான் சின்னப் படகில், அஞ்சு பேர் போனாங்க, மீன் 4,200 ரூபாய்க்கு வித்துச்சு, டீசலுக்கு 1,200 போக, வல்லத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு, உனக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். மணலில் விரலால் கோடு போட்டுப் பார்த்து, ஐநூறு என்றான். டியூஷனில் நாளைய வீட்டுப்பாடம் முடிந்தால் சரி, இங்கே வாய் திறக்காத பிள்ளையும் பேச ஆரம்பிக்கும்.

தென்கடல்:
நான் கடலுக்குப் போகிறவன், எட்டாவதோடு நின்றவன். மீன் கழற்றுவதில் தப்பில்லை, தொழில் தெரியட்டும். ஆனால் தினமும் கையில் காசு புழங்கினால் பள்ளிக்கூடம் கசந்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆச்சு. இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும், பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வரும். அப்போது வகுப்பை நிறுத்திவிட வேண்டாம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லுங்க. அப்புறம், பசியோடு எந்தப் பிள்ளையும் உட்காராது. எங்கள் தெருவில் முறை வைத்து ஒரு வீட்டில் சுண்டல் அவித்துக் கொடுக்கிறோம்.

தொண்டி மதினி:
பொம்பளப் பிள்ளைகளும் வருவார்களா? ஏழு மணிக்கு இருட்டிவிடும், யாராவது பெரியவர்கள் வீடு வரை கொண்டுவந்து விட வேண்டும். என் மகளை அந்த ஒரு காரணத்துக்காகவே பாதியில் நிறுத்தினேன், இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

பாம்பன் அம்மா:
வருகிறார்கள் மதினி, நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று இப்போதுதான் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பங்குக் கணக்கை அவன் அப்பாவிடம் சொன்னேன், மகனைக் கூப்பிட்டு அவரே கேட்டார். திங்கட்கிழமை சேர்த்துவிடுகிறேன்.