ஐந்தாம் லெவலில் விசார்ட் மட்டும்தான் ஆடுகிறார், ஃபைட்டருக்கு வேலையே இல்லை. என்ன செய்யலாம்?

குகைக்காவலன்:
வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் நண்பர் ஒருவர் வீட்டில், போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர், நான்தான். ஃபைட்டர் (போர்வீரன்), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (திருடன்), கிளெரிக் (பூசாரி) என்று நாலு பேர்.

நாலாம் லெவல் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஐந்தில் விசார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம் வந்தது, அதோடு சரி. போன போயாவுக்குப் பாலத்தடியில் பன்னிரண்டு கொப்ளின்களைப் பதுக்கி வைத்திருந்தேன். முதல் சுற்றிலேயே எல்லாம் கரி. கொப்ளினுக்கு ஏழு ஹிட் பொயின்ட் (உயிர்ப்புள்ளி)தானே, சேவ் எடுத்துச் சேதம் பாதியானாலும் மிஞ்சவில்லை. ஃபைட்டர் ஆடும் தம்பி தன் முறை வருவதற்குள் போனை நோண்டத் தொடங்கிவிட்டான்.

ஃபயர்பாலின் சேதத்தை 8டி6 (எட்டு ஆறுமுகப் பகடைகள்) இலிருந்து 6டி6 ஆக்கலாமா? அல்லது தம்பிக்கு நல்ல மந்திர வாள் ஒன்றைக் கொடுக்கவா?

தாயக்கட்டை:
முதலில் ஒன்று சொல்லுங்கள். ஒரு போயாவுக்கு எத்தனை சண்டை? அடுத்த முறை கூடும்போது எல்லாரும் முழு ஸ்பெல் ஸ்லொட்டோடா (மந்திரம் போடக் கிடைக்கும் தடவைகள்) தொடங்குகிறார்கள்?

குகைக்காவலன்:
ஒரு சண்டைதான். இருட்டுவதற்குள் கொட்டாஞ்சேனைக்காரர் இருவரும் பஸ் பிடிக்க வேண்டும். ஓம், தொடங்கும்போது லாங் ரெஸ்ட் (ஸ்லொட் எல்லாம் திரும்பி வரும் நீண்ட ஓய்வு) எடுத்ததாகவே வைத்துக்கொள்வோம்.

தாயக்கட்டை:
அப்போ பிரச்சினை ஃபயர்பாலில் இல்லை. 2014 டிஎம் புத்தகம் கதைக்குள் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு சண்டைகளைக் கணக்கில் வைத்துத்தான் பேசுகிறது. நீங்கள் ஒன்றோடு நாளை முடித்துவிடுகிறீர்கள். நாளைக்கென்று எதையும் மிச்சம் பிடிக்கத் தேவையில்லாத விசார்ட் வேறு என்ன செய்வார்?

ஐந்தாம் லெவலில் அவருக்கு மூன்றாம் மட்ட ஸ்லொட் இரண்டுதான். ஷார்ட் ரெஸ்டில் (கதைக்குள் சிறு ஓய்வு) ஆர்கேன் ரிகவரி என்ற திறனால் இன்னொன்று. மூன்று ஃபயர்பால் போனால் பெரும்பாலும் ஸ்லொட் தேவையில்லாத ஃபயர் போல்ட் மந்திரம்தான், 2டி10, சராசரி 11. தம்பி பெரிய வாளோடு, வலிமை +4 என்று வைத்தால் ஒரு வெட்டு 11. அவனுக்கு ஒரு முறைக்கு இரண்டு வெட்டு, ஸ்லொட்டும் கிடையாது. அக்‌ஷன் சேர்ஜும் செகண்ட் விண்டும் (ஒரு கூடுதல் செயலும் உயிர்ப்புள்ளி மீட்பும்) ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டுக்கும் திரும்பி வரும். நாலாவது சண்டையில் யார் போனை எடுக்கிறார் என்று பாருங்கள்.

ஆகவே கூட்டம் கலைந்தால் நாள் முடிந்தது என்று வைக்காதீர்கள். எத்தனை ஸ்லொட் மிச்சம், எத்தனை ஹிட் பொயின்ட் மிச்சம் என்று தாளில் எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த போயா அதே இடத்திலிருந்து. கதையில் மூன்று, நாலு சண்டைக்கு ஒரு லாங் ரெஸ்ட் போதும்.

வேதாளம்:
தாயக்கட்டை சொல்வது சண்டைக்குச் சரி. ஆனால் சண்டை இல்லாத நேரத்தில் ஃபைட்டருக்கு என்ன இருக்கிறது? விசார்ட் பறப்பார், மறைவார், பூட்டையும் திறப்பார். மந்திரக்காரர் கை ஓங்கியிருப்பது மூன்றாம் பதிப்பிலிருந்தே உள்ள கதை. 2008 இல் வந்த நாலாம் பதிப்பு எல்லா கிளாஸுக்கும் (பாத்திர வகைகளுக்கும்) ஒரே அச்சில் சக்திகளைக் கொடுத்து அதைச் சமன் செய்தது, பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது, அது வேறு விஷயம்.

ஒரு சின்ன வழி: ஸ்பெல்களை முழுதாக வாசியுங்கள். பூட்டைத் திறக்கும் நொக் மந்திரத்தைப் போட்டால் அந்தச் சத்தம் 300 அடிக்குக் கேட்கும் என்று விதியிலேயே இருக்கிறது. நாங்கள் ஆடும்போது அதை யாரும் கவனிப்பதில்லை. அதைச் சரியாகப் பிடித்தாலே ரோக்கின் பூட்டுத் திறக்கும் கம்பிக்கு மதிப்பு வந்துவிடும். தம்பிக்கு ஊரில் ஒரு மரியாதை கொடுங்கள், காவல்படைத் தலைவன் அவனோடு மட்டும்தான் கதைப்பான் என்று வையுங்கள்.

குகைக்காவலன்:
நன்றி இருவருக்கும். தாள் யோசனை பிடித்திருக்கிறது. விசார்ட் கோபிப்பாரே?

தாயக்கட்டை:
முதலே சொல்லிவிடுங்கள், நடுவில் மாற்றினால்தான் கோபம் வரும். இன்னொன்று, கொப்ளின்களை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி. பாலத்துக்கு இரண்டு கரை இருக்கிறதே.