மறுமொழி: ‘உயிர்பிழைப்பு வீதம்’ வேண்டாம்

நண்பர்களே,

இடுப்பு மூட்டு மாற்று அறுவை பற்றிய துண்டறிக்கையில் “10 ஆண்டு உயிர்பிழைப்பு வீதம் 95%” என்று எழுதியது நான்தான். நம் துண்டறிக்கைக் குழுவில் அப்போது யாரும் மறுக்கவில்லை. நேற்று சிங்கப்பூர் பூன் லேயில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பெரியம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்த வரியில் விரலை வைத்து, “அப்ப நூத்துக்கு அஞ்சு பேரு போயிடுவாங்களாப்பா?” என்றார். அடுத்த மாதம் அவருக்கே அந்த அறுவை!

எண்ணில் பிழையில்லை. பொருத்திய செயற்கை மூட்டு மறு அறுவையின்றி இருப்பதைத்தான் அது சொல்கிறது, நோயாளியின் உயிரை அல்ல. 10 ஆண்டுகளில் மறு அறுவை 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது 2014 முதல் இங்கிலாந்தின் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். சொல்தான் வம்பு. நோயாளிகளின் இறப்பைக் கணக்கிடப் பயன்பட்ட காப்லான்–மையர் என்ற புள்ளியியல் முறையை உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போட்டபோது பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனைக்கும், மூட்டு நன்றாக இருக்கும்போதே ஒருவர் மாரடைப்பில் இறந்தால் அது மூட்டின் தோல்வி ஆகாது, அவர் அந்த நாளோடு கணக்கிலிருந்து விலகுகிறார், அவ்வளவுதான். உயிருக்கே இடமில்லாத இடத்தில் ‘உயிர்’ எதற்கு?

சரி, வேறு என்ன வைக்கலாம் என்று பெரியம்மாவையே கேட்டேன். “எத்தன வருஷம் உழைக்கும்னு போடேன்” என்றார். செருப்பு உழைக்கிறது, மின்விசிறி உழைக்கிறது, மூட்டும் உழைக்கட்டுமே! இரவு முழுக்க ‘உழைப்பு விகிதம்’ என்றே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

காலையில்தான் உறைத்தது. மூட்டு மாற்று அறுவைப் பதிவேடுகள் எண்ணுவது மூட்டை அகற்றினார்களா, மாற்றினார்களா என்பதை மட்டும். வலியோடு நொண்டிக்கொண்டு, வயதாகிவிட்டது இன்னொரு அறுவை தாங்காது என்று விடப்பட்டவரின் மூட்டும் அங்கே வெற்றிதான். அதைப் போய் ‘உழைக்கிறது’ என்றால் பொய். இடத்தில் இருக்கிறது, அவ்வளவே. ஆகவே இதற்கு ‘நிலைப்பு விகிதம்’. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வை அப்படியே சொல்லிப் பாருங்கள்: “25 ஆண்டு நிலைப்பு விகிதம் ஏறத்தாழ 58%.” யாரும் சாகவில்லை.

‘உழைப்பு’ம் வீணாகாது. ஆக்ஸ்போர்டு இடுப்பு மதிப்பெண் என்று 12 கேள்விகள், 48 மதிப்பெண். காலுறை மாட்ட முடிகிறதா, படியேற முடிகிறதா என்று நோயாளியையே கேட்பார்கள். அந்த அளவுக்கு ‘உழைப்பு மதிப்பு’ என்று வைக்கலாம். வேலை, கூலி நினைவுக்கு வரும் என்பீர்கள். முன்னால் ‘மூட்டின்’ என்று சேர்த்தால் வராது.

அப்புறம், ‘திருத்த அறுவை’யை எடுத்துவிட்டேன், மருத்துவர் ஏதோ தப்புச் செய்ததுபோல இருக்கிறது. ‘மறு அறுவை’யே போதும்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பிருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.