மடிக்கணினிக்குப் பதிலாக டேப்லெட்: ஊழியர்கள் சிரமமின்றிப் பழகுவதற்கு என்ன செய்யலாம்?

கேள்வி: கோவை நிர்வாகி

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்புகளை விற்பதோடு பழுதுபார்த்தும் கொடுக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. எங்களிடம் உள்ள மடிக்கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய ரகம். ஆகவே எல்லோருக்கும் டேப்லெட் கொடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் முடிவாகியிருக்கிறது.

விற்பனைப் பிரிவில் உள்ள இளைஞர்களுக்கு இதில் மகிழ்ச்சிதான். கணக்குப் பிரிவிலும் கடிதப் போக்குவரத்துப் பிரிவிலும் பல ஆண்டுகளாக இருப்பவர்கள் கூட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு தனியாக வந்து, "இதைக் காரணம் காட்டி எங்களை ஓரங்கட்டிவிடுவார்களோ?" என்று கேட்கிறார்கள். விற்பவரே ஒரு நாள் பயிற்சி தருவதாகச் சொல்கிறார். அது போதுமா? அவர்கள் மனம் நோகாமல் இந்த மாற்றத்தை எப்படிக் கொண்டுவருவது?

பதில் 1: கணினிப் பிரிவு, சென்னை

வணக்கம். பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், யார் யாருக்கு டேப்லெட் பொருந்தும் என்று பாருங்கள். "எல்லோருக்கும்" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

பம்பு பழுதுபார்க்கச் செல்பவருக்கு டேப்லெட் உண்மையிலேயே வரம். மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படமெடுத்து, மாற்றிய உதிரிபாகங்களைக் குறித்து, வாடிக்கையாளரிடம் திரையிலேயே கையொப்பம் வாங்கிவிட்டால், மாலையில் அலுவலகத்துக்குத் திரும்பி அதே விவரத்தை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஆனால் வயலில் சிக்னல் கிடைக்காத இடங்களிலும் படிவம் திறக்க வேண்டும், சிக்னல் வந்ததும் தானாகவே பதிவேற வேண்டும். இவை இரண்டையும் வாங்குவதற்கு முன்பே, முடிந்தால் ஒரு கிணற்றடியிலேயே, நண்பகல் வெயிலில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். வெயிலில் திரை தெரிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எக்செல் கோப்புகளையும் இப்போதே சோதியுங்கள். மேக்ரோ (ஒரு பொத்தானை அழுத்தினால் பல வேலைகளைத் தானே செய்யும் சிறு நிரல்) எழுதிய கோப்பு ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் திறக்கும், ஆனால் மேக்ரோ இயங்காது. ஊழியர் பொத்தானை அழுத்துவார், ஒன்றும் நடக்காது, தமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். கருவியின் குறை மனிதரின் குறையாகத் தெரிவது இப்படித்தான். உங்கள் மூத்த ஊழியர்களின் அச்சத்துக்கு இதிலும் பங்கு இருக்கும்.

பதில் 2: கணக்காளர், ஈரோடு

கணக்குப் பிரிவின் சார்பில் எழுதுகிறேன். டாலி கணக்கு மென்பொருளில் வேலை செய்பவரின் கைகளைக் கவனித்திருப்பீர்கள். எஃப்5 அழுத்தினால் பணம் செலுத்தல், எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை என்று, கண் பில்லின் மேல் இருக்க விரல்கள் தாமாகவே ஓடும். அந்த வேகம் பல ஆண்டு உழைப்பில் வந்தது. டேப்லெட்டின் உலாவியில் டாலி அறிக்கைகளைப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பார்ப்பது வேறு, நாள் முழுவதும் பதிவு செய்வது வேறு. அதோடு, கம்பெனிப் பதிவாளருக்கான படிவங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்கு யூஎஸ்பி டோக்கனை (கையொப்பச் சான்றிதழ் உள்ள சிறு கருவியை) கணினியில் செருக வேண்டும்; நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் டோக்கன்களுக்கான மென்பொருள் டேப்லெட்டில் இயங்காது.

எனவே கணக்குப் பிரிவுக்கு விண்டோஸ் 11 இயங்கும் கணினிகளை வாங்கிக் கொடுங்கள் என்று மேலிடத்தில் தயங்காமல் சொல்லுங்கள். அதைச் சலுகையாக இல்லாமல் வேலைக்குத் தேவையானதாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சலுகை என்று பேச்சு வந்துவிட்டால் "அவர்களால் பழக முடியவில்லை" என்ற பெயரும் கூடவே வந்துவிடும்.

மற்றப் பிரிவுகளிலும் பழைய மடிக்கணினிகளை ஊழியர்களிடமிருந்து உடனே திரும்பப் பெற்றுவிடாதீர்கள். ஒரு மாதக் கணக்கு முடிப்பாவது இரண்டு கருவிகளும் கையில் இருக்கும்போது நடக்கட்டும். ஒருநாள் பயிற்சியில் தலையாட்டியவருக்கு உண்மையான சந்தேகம் மாதக் கடைசியில்தான் வரும்.

பதில் 3: இயன்முறை மருத்துவர், மதுரை

உடல்நலம் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். டேப்லெட்டை மேசையில் படுக்கவைத்தோ மடியில் வைத்தோ மணிக்கணக்கில் குனிந்து பார்ப்பவர்களுக்குக் கழுத்தும் தோளும் வலிக்கும். திரையின் மேல்விளிம்பு ஏறத்தாழக் கண் மட்டத்துக்கு வரும்படி உயரமான தாங்கி ஒன்றும், தனியாகப் பிரிந்திருக்கும் விசைப்பலகையும் மவுஸும் ஒவ்வொரு மேசைக்கும் தேவை. உறையோடு ஒட்டிவரும் விசைப்பலகை இதற்கு உதவாது. கை வசதியான உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்துவிடும், திரையை உயர்த்தினால் கையும் உயர்ந்துவிடும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு எழுத்தளவை முதல் நாளே பெரிதாக்கிக் கொடுங்கள். அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பெரும்பாலோர் கேட்க மாட்டார்கள்.

கோவை நிர்வாகி

மூவருக்கும் மிக்க நன்றி. கணக்குப் பிரிவுக்குக் கணினியே வேண்டும் என்று காரணங்களுடன் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இன்னொரு கேள்வி. எங்கள் கடிதப் பிரிவில் உள்ள அம்மா பழைய தட்டச்சு முறையில் தமிழை மிக வேகமாக அடிப்பவர். பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் உள்ளன. அவருக்கு டேப்லெட் ஒத்துவருமா?

பதில் 4: கணினிப் பிரிவு, சென்னை

அந்தக் கோப்புகளை டேப்லெட்டில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும், ஏனென்றால் அவை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இல்லை. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது; நீங்களும் விண்டோஸ் கணினி கையில் இருக்கும்போதே என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற செயலியில் அவற்றை மாற்றி வைத்துவிடுங்கள். ஐபேடில் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைமுகங்கள் (தமிழ் விசைப்பலகை அமைப்புகள்) உள்ளமைந்தே வருகின்றன; ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலி இவை இரண்டையும் தருகிறது. ஆனால் அந்த அம்மாவின் விரல்கள் அறிந்தது தட்டச்சு முறை. அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பழகச் சொல்வது, அவர் திறமையைப் பறித்துக்கொண்டு தொடக்க நிலைக்கு அனுப்புவதாகும். கணக்குப் பிரிவுக்கு வாங்கும் கணினிகளோடு அவருக்கும் ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்.

டேப்லெட் பெறுபவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். நிறுவனக் கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளை நிறுவினால், அமைப்பைப் பொறுத்து அவை இருக்கும் இடத்தையும் அறிய முடியும். எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள், வேலைநேரம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, கருவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.