படிக்கும் மேசைக்கு மேலுள்ள எல்.ஈ.டி. விளக்கும் மகளின் தலையிடியும்

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறோம். அண்மையில் பழைய ரியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு, கூரையோடு ஒட்டிப் பொருத்தும் எல்.ஈ.டி. விளக்குகளைப் போட்டோம். அதன் பின்னர், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் இரவில் சிறிது நேரம் படித்தவுடனேயே கண் உளைகிறது, நெற்றி இடிக்கிறது என்கிறாள்; பகலில் யன்னலோரம் இருந்து அதே புத்தகத்தைப் படிக்கும்போது அந்த முறைப்பாடு இல்லை. கண் வைத்தியர் பரிசோதித்துவிட்டுப் பார்வையில் குறை எதுவும் இல்லை என்றார். என் கண்ணுக்கு விளக்கு சீராகவே எரிகிறது. ஆனால் அந்த அறையில் மின்விசிறி சுழலும்போது அதன் இதழ்கள் நின்று நின்று போவது போலத் தெரிகிறது. மஞ்சள் நிற விளக்குக்கு மாறினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். அது உண்மையா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: மின்னோட்டம் (தெஹிவளை)

மின்விசிறியைக் கவனித்தீர்களே, உங்கள் விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுங்குகிறது என்பதற்கு அதுவே போதிய சாட்சி. எமது மின்வழங்கல் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 50 வட்டம்) ஆடலோட்டம். அது ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு தடவை பூச்சியத்தைத் தொடுவதால், ஒரே திசை ஓட்டமாக மாற்றிய பின்னும் வெளிச்சம் செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கும். பழைய இழைக் குமிழிலும் இது இருந்தது. ஆனால் வெந்து சிவந்த இழை அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை என்பதால் ஏற்ற இறக்கம் சிறியது. எல்.ஈ.டி.யோ மின்னோட்டம் நின்றவுடன் அணைந்துவிடும். ஆகவே அந்த இறக்கத்தை நிரப்புவது, மின்வழங்கலை எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிரைவருக்குள் இருக்கும் கொள்ளளவியின் (மின்னைத் தேக்கி வைத்துக் கொடுக்கும் உறுப்பின்) வேலை. விலையைக் குறைப்பதற்காக அதைச் சிறிதாக்கிய அல்லது முற்றாகவே விட்டுவிட்ட விளக்குகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. வெப்பத்தில் கொள்ளளவி காய்ந்துபோவதால், தொடக்கத்தில் நன்றாக எரிந்த விளக்கும் நாளடைவில் மினுங்கத் தொடங்கலாம்.

எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதற்கு மின்பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1789 என்ற 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை ஓர் அளவுகோல் தருகிறது. உச்ச வெளிச்சத்துக்கும் தாழ்ந்த வெளிச்சத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூற்றுவீதமாக்கினால் வருவது மினுங்கல் வீதம். 100 ஹேர்ட்ஸில் அது 8 வீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்றும், ஏறத்தாழ 3 வீதத்துக்குள் இருந்தால் பாதிப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றும் அது கணக்கிடுகிறது. கொள்ளளவியே இல்லாத விளக்கில் இது 100 வீதத்தை எட்டக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் எஸ்.வி.எம். என்ற இன்னோர் எண்ணுக்கு (அசையும் பொருள் நின்று நின்று போவது போலத் தெரிவதை அளப்பது) 2021 செப்டெம்பரில் 0.9 என எல்லை வைத்து, 2024 செப்டெம்பரில் அதை 0.4 ஆக இறுக்கியது. பெட்டியிலோ தரவுத்தாளிலோ இந்த எண் இருந்தால் மதித்து வாங்கலாம். எண்ணில்லாமல் 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்று மட்டும் அச்சிட்டிருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை.

நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கும் மோசமாக மினுங்கலாம், 6500 கெல்வின் வெள்ளை விளக்கும் அசையாமல் எரியலாம்.

பதில்: கொட்டாஞ்சேனை வைத்தியர்

கண்ணுக்குத் தெரியாதது எப்படித் தலையை இடிக்க வைக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். 100 ஹேர்ட்ஸில் மினுங்கலை நாம் உணராவிட்டாலும், அந்த வேகத்துக்கு விழித்திரை மின்துலங்கல் காட்டுவது பதிவாகியிருக்கிறது. ஆய்வாளர் ஆர்னல்ட் வில்கின்ஸும் அவருடன் பணியாற்றியோரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலகம் ஒன்றின் ரியூப் லைட்டுகளுக்கு, எது எது என்று ஊழியர்களுக்குச் சொல்லாமலே, பழைய சோக்குக்குப் பதிலாக உயர் மீடிறனில் இயங்கும் பலாஸ்ட்டைப் பொருத்தியபோது, தலையிடியும் கண் உளைவும் சராசரியாக அரைவாசிக்கும் கீழே குறைந்தன. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த உணர்திறன் கூடுதலாக இருப்பதையும் காண்கிறோம்.

வலிப்பு வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ஒளியால் தூண்டப்படும் வலிப்புக்கு உரிய வேகம் பெரும்பாலும் 3 முதல் 70 ஹேர்ட்ஸ் வரை. அதிலும் 15 முதல் 20 வரையே அதிகம் தூண்டுவது. ஆகவே கண்ணுக்கே தெரியும்படி பட்பட்டென்று வெட்டும், பழுதான விளக்கு வலிப்பு வரலாறு உள்ள வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. இன்னொன்று: விளக்கை மாற்றிய பின்னும் தலையிடி தொடர்ந்தால், அல்லது வாந்தியோ பார்வை மங்கலோ சேர்ந்து வந்தால், விளக்கின் மீதே பழியைப் போட்டுக்கொண்டிராமல் மகளை வைத்தியரிடம் மீண்டும் காட்டுங்கள்.

பதில்: வயரிங் தம்பி (புறக்கோட்டை)

அக்கா, புறக்கோட்டையில் குமிழ் வாங்கினால் கடைக்காரர் தருவதற்கு முன் பலகையிலுள்ள ஹோல்டரில் மாட்டி எரித்துக் காட்டுவார். அந்த நேரத்தில் கைத்தொலைபேசியைக் கையில் எடுங்கள். கமராவைச் சாதாரணமாக நீட்டினால் போதாது. அது தானாகவே செக்கனில் நூறில் ஒரு பங்கு போன்ற ஷட்டர் வேகத்துக்கு மாறி, ஒரு முழு ஏற்ற இறக்கத்தையும் விழுங்கிவிடுவதால் படம் சுத்தமாகத் தெரியும். ஷட்டரை நாமே மாற்றக்கூடிய புரோ முறைக்குப் போய், அதைச் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் விரைவாக வைத்து, விளக்கு ஒளி விழும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடினால் அந்தக் குமிழைத் திருப்பிக் கொடுங்கள். மங்கலாக, தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் பரவாயில்லை. புரோ முறை இல்லாத தொலைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்க்கலாம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைக்கத்தான் செய்வார்கள்.

லிப்ட் அல்லது நீர்ப்பம்பி இயங்கும் கணத்தில் மட்டும் விளக்கு மங்கினால் அது வேறு விடயம், வோல்ற்றளவு இறக்கம். வீடு முழுவதும் விட்டுவிட்டு வெட்டினால் நியூட்ரல் கம்பி எங்காவது தளர்ந்திருக்கலாம். அது தீ விபத்தில் முடியக்கூடியது என்பதால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சில் சாதாரண எல்.ஈ.டி. குமிழைப் போடவும் வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி

மிக்க நன்றி. தம்பி சொன்னபடி பார்த்தேன். படிக்கும் அறையில் கட்டை கட்டையாகக் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. குசினியில் உள்ள குமிழில் ஒன்றும் இல்லை. விளக்கு முழுவதையும் மாற்றாமல் டிரைவரை மட்டும் மாற்ற முடியுமா?

மின்னோட்டம் (தெஹிவளை)

கூரை விளக்கின் பின்னால் வயரில் தொங்கும் சிறு பெட்டியாக டிரைவர் தனியே இருந்தால் முடியும். அதன் மீது எழுதியிருக்கும் வெளியீட்டு மில்லிஅம்பியரும் வோல்ற்றளவு வீச்சும் புதியதிலும் அவ்வாறே இருக்க வேண்டும். வாற்றளவு (வாட்ஸ்) மட்டும் பொருந்தினால் போதாது. பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றி, அதே கமராச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். டிரைவரும் எல்.ஈ.டி.யும் ஒரே பலகையில் பதிந்திருந்தால் திருத்தப் பார்ப்பது வீண் வேலை. அதுவரை மகள் குசினிக் குமிழை ஒரு மேசை விளக்கில் மாட்டிப் படிக்கட்டும்.