உடைந்த பானைத் துண்டுக்கு ஆங்கிலத்தில் 'ஷார்டா', 'ஷெர்டா'?

கேள்வி – ஏட்டுச்சுவடி

அகழாய்வு அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பானை ஓட்டுக்கு அதில் எங்கும் 'ஷெர்ட்' என்றே எழுதியிருக்கிறார்கள். நான் படித்ததோ 'ஷார்ட்'. இரண்டும் வெவ்வேறு சொற்களா? வேரிலேயே இதற்கும் பானைக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி – வேர்தேடி

ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள்தாம், ஐயா. பழைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ 'ஷெயார்ட்' என ஒலித்த இச்சொல்லுக்கு வெட்டுவாய், இடைவெளி என்னும் பொருளும் உடைந்த துண்டு என்னும் பொருளும் இருந்தன. இதன் உறவுச் சொல்லான 'ஸ்கார்த்' ஐஸ்லாந்து மொழியில் இன்றும் மலைக்கணவாயைக் குறிக்கிறது. வேரின் பொருள் 'வெட்டு' என்பதே. பானைக்கு அதில் இடமில்லை. கத்தரித்தலைக் குறிக்கும் 'ஷியர்', பங்கைக் குறிக்கும் 'ஷேர்', சட்டையைக் குறிக்கும் 'ஷர்ட்', பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நார்ஸில் அதன் வடிவமான 'ஸ்கர்ட்' ஆகிய அனைத்தும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே.

மறுமொழி – குழிமேடு

தொல்லியலாளர் பெரும்பாலும் மட்கல ஓட்டை 'ஷெர்ட்' என்றும் கண்ணாடிச் சில்லை 'ஷார்ட்' என்றும் பிரித்து எழுதுகின்றனர். 'பாட்ஷெர்ட்' என்னும் கூட்டுச்சொல் 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலேயே இருக்கிறது: சாம்பலில் அமர்ந்த யோபு தம் புண்களைச் சுரண்ட எடுப்பது அதைத்தான். தமிழ் விவிலியம் அவ்விடத்தில் 'ஓடு' என்கிறது.

வேர்தேடி சொன்ன 'வெட்டு' எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. கழுவி உலர்த்திய ஓட்டைக் கையில் எடுத்தால் நாங்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் உடைவாயைத்தான். இருபுறமும் சிவந்திருக்க, நடுவில் மட்டும் கரிய கோடு ஓடினால், சூளையில் அது உள்வரை நன்கு வேகவில்லை என்று அறிகிறோம்.

மறுமொழி – வேர்தேடி

தமிழ் 'ஓடு' வேறு வழியில் வந்த சொல். ஆமை ஓடு, முட்டை ஓடு, மண்டை ஓடு என்று வன்மையான புறத்தையே அது சுட்டுகிறது. கிரேக்க 'ஓஸ்ட்ரகோன்' இதற்கு நெருக்கமானது. சிப்பி ஓட்டுக்கும் பானை ஓட்டுக்கும் அது ஒன்றே. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் மக்கள், 10 ஆண்டுகள் நாடுகடத்த வேண்டியவரின் பெயரைப் பானை ஓட்டில் கீறியே வாக்களித்தனர்; ஒதுக்கிவைத்தலைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரசைஸ்' என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்தது.

ஏட்டுச்சுவடி

இருவருக்கும் நன்றி. 'ஷெர்ட்' வரும் இடமெல்லாம் 'பானை ஓடு' என்றே எழுதுகிறேன். கண்ணாடி வரும் ஓரிரு இடங்களுக்குச் 'சில்லு' போதும்.