லைசென்ஸ் வாங்குன யூகே பெட்டிங் கம்பெனியே ரூல்ஸ மீறுனா, தம்பி விட்ட காசு திரும்ப வருமா?

வடபழனி_வாசு:
வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. என் சித்தி பையன் யூகே லெஸ்டர்ல எம்எஸ்சி படிக்கிறான். கிரிக்கெட்ல பத்து பவுண்ட் இருபது பவுண்ட்னு ஆரம்பிச்சு, அப்புறம் நைட்டெல்லாம் ஆன்லைன் ஸ்லாட் மெஷின் கேம்னு போயிடுச்சு. அக்டோபர்ல அவனே பயந்துபோய் கேம்ஸ்டாப்னு அங்க இருக்குற சூதாட்டத் தடை லிஸ்ட்ல பேர் குடுத்து தன்னத்தானே ஒரு வருஷத்துக்கு பிளாக் பண்ணிக்கிட்டான். அங்க லைசென்ஸ் வச்சிருக்குற எந்த ஆன்லைன் கம்பெனியும் அந்த லிஸ்ட்ல இருக்குறவன உள்ள விடக்கூடாது, 2020 மார்ச் 31லேர்ந்து அது கட்டாயம். ஆனா ஜனவரில ஒரு புது சைட்டு இவன ஜம்முனு உள்ள விட்டிருக்கு. ஐடி எதுவும் கேக்கல. நடுவுல 900 பவுண்ட் ஜெயிச்சு எடுக்கப் போனப்ப தான் பாஸ்போர்ட் குடு, பேங்க் ஸ்டேட்மென்ட் குடுன்னு மூணு நாள் இழுத்திருக்காங்க. அந்த மூணு நாள்ல மறுபடி போட்டு, மொத்தமா 6,400 பவுண்ட் காலி. சித்தப்பா பாடில இருக்குற வீட்ட அடமானம் வச்சு ரெண்டாவது டெர்ம் ஃபீஸுக்கு அனுப்புன காசு அது.

சைட்டு அடியில பாத்தா பிரிட்டிஷ் கேம்ப்ளிங் கமிஷன் லைசென்ஸ் நம்பரோட இருக்கு. கூகுள் பண்ணா இவனுங்க மாதிரி கம்பெனிக்கெல்லாம் கோடிக்கணக்குல ஃபைன் போட்டிருக்காங்க. அந்த ஃபைன்லேர்ந்து நமக்கு ஏதாவது வருமா? சித்தப்பாகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெருங்குடி_நைட்ஷிப்ட்:
ப்ரோ, நான் ஓஎம்ஆர்ல நாலு வருஷம் ஒரு யூகே பெட்டிங் கிளையன்ட்டுக்கு கேஒய்சி பாத்தவன், பேர் வேணாம். மொதல்ல கசப்பான விஷயத்த சொல்லிடுறேன், ஃபைன்ல உங்களுக்கு ஒரு பைசா வராது. கமிஷன் அபராதம்னு போட்டா அந்த காசு அங்க அரசாங்க கஜானாவுக்கு போகும், செட்டில்மென்ட்னு பேசி முடிச்சா சூதாட்ட பாதிப்ப குறைக்குற வேலைக்குன்னு ஒதுக்குவாங்க. திருட்டுக் காசுல எவனாவது ஆடியிருந்தா, அது யாரோட காசோ அவங்களுக்கு திருப்பி குடுக்க வைக்குறது உண்டு. ஆனா தோத்தவனுக்குன்னு பொதுவா ஒண்ணும் கிடையாது. தனி ஆளோட பணத் தகராறுல கமிஷன் தலையிடவே தலையிடாது.

ரெண்டாவது, ஐடி விஷயம். 2019 மே 7லேர்ந்து அங்க ரூல் என்னன்னா, ஆளு யாரு, வயசு என்னன்னு சரிபாத்த அப்புறம்தான் ஒரு பவுண்ட் கூட ஆட விடணும். டெபாசிட் பண்றப்ப கதவ தொறந்து வச்சிட்டு, காசு எடுக்க வர்றப்ப மட்டும் பாஸ்போர்ட் கேக்குறது, முன்னாடியே கேட்டிருக்க முடிஞ்ச விஷயம்னா, நேரடியா தப்பு. இத நல்லா புடிச்சுக்கோங்க.

இப்ப உள்ள எப்படி நடக்கும்னு சொல்றேன். எங்க ஸ்க்ரீன்ல ஒரு க்யூ ஓடும். எவனாவது வேகமா டெபாசிட் பண்ணா அலர்ட் விழும், ஆனா எந்த தொகையில அலர்ட் விழணும்னு முடிவு பண்றது கிளையன்ட்டு. 2022ல 888ங்குற பெட்டிங் கம்பெனிக்கு 94 லட்சம் பவுண்ட் ஃபைன் போட்டப்ப கமிஷன் எழுதுனத படிச்சுப் பாருங்க, 40,000 பவுண்ட் டெபாசிட் தாண்டுனா தான் காசு எங்கேர்ந்து வருதுன்னே பாப்பாங்களாம். மாசம் 1,400 பவுண்ட் சம்பளம் வாங்குற ஆஸ்பத்திரி ஊழியர்னு தெரிஞ்சே ஒருத்தருக்கு மாச டெபாசிட் லிமிட் 1,300 பவுண்ட்னு வச்சிருக்காங்க. வீட்டு வாடகைக்கு அந்தாளு நூறு பவுண்ட வச்சிட்டு என்ன பண்ணுவாரு?

2023 மார்ச்ல வில்லியம் ஹில் குரூப்புக்கு மொத்தம் 1.92 கோடி பவுண்ட். அதுல ஒரு கஸ்டமர் அக்கவுன்ட் தொறந்து இருபதே நிமிஷத்துல 23,000 பவுண்ட் போட்டிருக்கான், அப்போதைய ரேட்ல 23 லட்சம் ரூபாய்க்கு பக்கம், ஒரு செக்கும் இல்ல. மிஸ்டர் கிரீன்ல தன்ன பிளாக் பண்ணிக்கிட்ட 331 பேரு அதே குரூப்போட இன்னொரு சைட்டுல ஆடியிருக்காங்க. அதுக்கு முந்துன வருஷம் என்டெயினுக்கு 1.7 கோடி பவுண்ட், அங்க என்னன்னா காசுக்கு கணக்கு காட்டாதவன அவங்களோட கோரல் சைட்டுல நிறுத்தினாங்க, அவன் அதே கம்பெனியோட லாட்புரோக்ஸ்ல போய் ஒரே நாள்ல 30,000 போட்டுட்டான். ஒரே வீட்டுல முன்வாசல்ல பூட்டு, பின்வாசல்ல வாழைமரம் கட்டி வரவேற்பு.

எனக்கு எரிச்சலே இது தான். எவனாவது தொடர்ந்து ஜெயிச்சான்னா ரெண்டே வாரத்துல கண்டுபுடிச்சு அவன் கட்டக்கூடிய பெட் தொகைய சில்லறைக்கு இறக்கிடுவாங்க. அதுக்கு சாஃப்ட்வேர் பிரமாதமா வேலை செய்யும். தோக்குறவன கண்டுபுடிக்கணும்னா மட்டும் சிஸ்டத்துல கொஞ்சம் குறைபாடு இருந்துச்சுன்னு அறிக்கை விடுவாங்க.

ஒரு கேள்வி, கோச்சுக்காதீங்க. தம்பி கேம்ஸ்டாப்ல குடுத்த அதே விவரத்த தான் அந்த சைட்டுலயும் குடுத்தானா?

வடபழனி_வாசு:
ரொம்ப நன்றி ப்ரோ. நேத்து நைட்டு போன் போட்டு கேட்டேன். மொதல்ல மழுப்புனான், அப்புறம் அழுதுட்டான். மெயில் ஐடி வேணும்னே புதுசு போட்டிருக்கான். மத்தபடி பொறந்த தேதி, வீட்டு போஸ்ட்கோடு எல்லாம் அதே தான். பேரு தான் குழப்பம். பாஸ்போர்ட்ல சர்நேம்னு சித்தப்பா பேரு இருக்கு, கேம்ஸ்டாப்ல அப்படியே போட்டான். சைட்டுல இவன் பேரு கடைசியில, சித்தப்பா பேருக்கு வெறும் இனிஷியல்.

பெருங்குடி_நைட்ஷிப்ட்:
ஆங், நெனச்சேன். நம்மூரு இனிஷியல் அங்க பெரிய ஓட்டை. கேம்ஸ்டாப் பேரு, பொறந்த தேதி, மெயில், போஸ்ட்கோடு இதெல்லாம் வச்சு தான் மேட்ச் பண்ணும். பேரு முன்ன பின்ன மாறி மெயிலும் வேறன்னா ஆள் தப்பிச்சிட சான்ஸ் இருக்கு. எங்க டீம்ல பாதி பேரு தமிழ் ஆளுங்க, அதனால “அது அப்பா பேருங்க, ஆளு ஒண்ணு தான்”னு நாங்க சொல்லி நிறுத்தியிருக்கோம், மெஷினுக்கு அது எங்க தெரியும். ஆனா பாருங்க, மொதல் நாளே பாஸ்போர்ட் வாங்கியிருந்தா பேரு பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரி திருந்தியிருக்கும், கேம்ஸ்டாப்லயும் மாட்டியிருப்பான். நீங்க அடிக்க வேண்டிய இடம் அது. மெயில மாத்துனத மறைக்காதீங்க, அவங்க எப்படியும் அத தான் மொதல்ல தூக்கிக் காட்டுவாங்க.

அப்புறம் இன்னொண்ணு. 2025 பிப்ரவரிலேர்ந்து 30 நாள்ல நிகரமா 150 பவுண்டுக்கு மேல போட்டாலே கடன் பிரச்சனை இருக்கான்னு ஒரு செக் பண்ணணும். ஆனா அது திவால், கோர்ட்டு கடன் தீர்ப்பு இந்த மாதிரி பப்ளிக் ரெக்கார்ட தான் பாக்கும். விசால போன பையன் பேர்ல அங்க என்ன ரெக்கார்ட் இருக்கப் போகுது, வெள்ளைப் பேப்பர் மாதிரி பாஸ் ஆகிடுவான். அடமானம் பாடில இருக்குன்னு பர்மிங்ஹாம்ல உக்காந்திருக்குற கமிஷனுக்கு தெரியுமா.

கத்திவாக்கம்_காளி:
படிக்கப் போனவன் படிக்காம ஆடிட்டு இப்ப கம்பெனி மேல பழி போட்டா எப்படி?

போரூர்_ரிட்டர்ன்:
காளி, நீங்க சொன்ன இதே வார்த்தைய தான் அங்க கோர்ட்டும் கொஞ்சம் நாகரிகமா சொல்லுச்சு. ஒரு கிரேஹவுண்ட் ரேஸ் நாய் ட்ரெய்னர், வில்லியம் ஹில்லுக்கு போன் பண்ணி என்ன பிளாக் பண்ணுங்கன்னு கேட்டாரு, அவங்க அத ஒழுங்கா பண்ணல. ரைடர் கப் கோல்ஃப்ல ஒரே பெட்டுல 3,47,000 பவுண்ட், மொத்தமா இருபது லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. கேஸ் போட்டாரு, 2008ல தீர்ப்பு வந்துச்சு. கம்பெனி பக்கம் தவறு இருக்கு, ஆனா இவங்க நிறுத்தியிருந்தாலும் நீ வேற கடையில போய் இதே மாதிரி தொலைச்சிருப்பன்னு சொல்லி தள்ளிட்டாங்க. அப்பீல்லயும் தோல்வி. அதனால வாசு, எவனாவது ஜெயிச்சா மட்டும் ஃபீஸ் குடு, நோ வின் நோ ஃபீ வக்கீல்னு தம்பிக்கு மெசேஜ் பண்ணா உடனே கையெழுத்து போட வேணாம்னு சொல்லுங்க.

நான் லூட்டன்ல ஆறு வருஷம் இருந்தேன், என் ரூம்மேட்டுக்காக இந்த வழியில அலைஞ்சிருக்கேன். மொதல் வேலை கம்ப்ளெயின்ட் இல்ல. தம்பி அவன் பேர்ல அந்த கம்பெனிக்கு, என்ன பத்தி நீங்க வச்சிருக்குற எல்லா டேட்டாவும் குடுங்கன்னு ஒரு மெயில் போடட்டும். அங்க டேட்டா சட்டப்படி ஃப்ரீ, ஒரு மாசத்துல குடுக்கணும். சாட், அலர்ட், எவன் என்ன நோட் போட்டான், எப்ப போனஸ் அனுப்புனாங்க எல்லாம் கேளுங்க. அத கையில வச்சிட்டு கம்ப்ளெயின்ட் போடுங்க. எட்டு வாரத்துல தீரலைன்னா ஐபாஸ் மாதிரி நடுவர் அமைப்புக்கு போகலாம், அதுக்கும் நாம காசு எதுவும் கட்ட வேணாம். பெட்டு செட்டில் ஆகல, பணம் தரல இந்த மாதிரி தகராறுக்கு அது நல்லா வேலை செய்யும். என்ன நீங்க காப்பாத்தல அப்படிங்குற புகாருக்கு அவ்ளோவா வேலை செய்யாது. 2023ல யூகே அரசாங்கம் விட்ட வெள்ளை அறிக்கைல இதுக்குன்னு தனி ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், வேணும்னு எழுதுனதே அந்த ஓட்டைய அடைக்கத்தான். ஐடி வாங்காம ஆட விட்டது, பணத்த நிறுத்தி வச்சது, இந்த ரெண்டையும் முன்னாடி வைங்க.

கமிஷனுக்கும் தனியா எழுதிப் போடுங்க. பதில் வரும்னு எதிர்பாக்காதீங்க. நாளைக்கு அந்த கம்பெனி லைசென்ஸ அவங்க நோண்டுறப்ப இது ஒரு பேப்பரா உள்ள இருக்கும்.

இதெல்லாம் விட அவசரம், கேம்ஸ்டாப்ல புது மெயில், ரெண்டு மாதிரி பேரு எல்லாத்தையும் சேக்கச் சொல்லுங்க. பேங்க் ஆப்லயே கேம்ப்ளிங் பிளாக் இருக்கும், அதையும் ஆன் பண்ணச் சொல்லுங்க. கேம்கேர்னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு, 24 மணி நேரமும் ஃப்ரீ. பையன் ராத்திரி தனியா ரூம்ல இருக்கான்னா அது தான் மொதல்ல.

அம்பத்தூர்_அசோக்:
நடுவுல ஒரு டவுட்டு. என் ஃப்ரெண்டு இங்க சென்னைலேர்ந்தே ஒரு சைட்டுல போடுறான், யூகே லைசென்ஸ்னு லோகோ இருக்கு, சேஃப் தானேங்குறான்?

பெருங்குடி_நைட்ஷிப்ட்:
அந்த லைசென்ஸ் பிரிட்டன்ல உக்காந்து ஆடுற கஸ்டமருக்கு தான். அண்ணாநகர்ல உக்காந்து ஆடுறவனுக்கு அந்த லோகோவும் ஒண்ணு தான், கடை போர்டுல மாட்டுன திருஷ்டி பூசணியும் ஒண்ணு தான். இங்க 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டப்படி காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேமே தடை. ஈபிஎல் ஜெர்சியில புரியாத எழுத்துல பெட்டிங் பேரெல்லாம் பாத்திருப்பீங்கல்ல? அதுல பலது டிஜிபி யூரோப் (TGP Europe)னு ஒரே கம்பெனியோட லைசென்ஸ இரவல் வாங்கி ஓடுனது. 2025ல 33 லட்சம் பவுண்ட் ஃபைன் போட்டதும் அவன் லைசென்ஸ திருப்பி குடுத்துட்டு கிளம்பிட்டான். ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க.

வடபழனி_வாசு:
அப்டேட் போடுறேன்னு சொல்லி அஞ்சு வாரம் ஆச்சு. டேட்டா வந்துடுச்சு, 41 பக்கம் பிடிஎஃப். பாதி புரியல. ஆனா பக்கம் 17ல ராத்திரி 2:11க்கு ஒரு வரி, டெபாசிட் வேகம், ரிஸ்க் நடுத்தரம், ரிவ்யூ பாக்கின்னு. அதுக்கு நேர் கீழ 2:13க்கு அடுத்த வரி, 50 ஃப்ரீ ஸ்பின் (ஸ்லாட்ல இலவச ஆட்டம்) அனுப்பப்பட்டது. அந்த ரிவ்யூவ யாரு பாத்தாங்கன்னு 41 பக்கத்துல எங்கயும் இல்ல.

கம்ப்ளெயின்ட் நேத்து போச்சு, மெயில் ஐடி மாத்துனத மொத பாராவுலயே எழுதிட்டோம். எட்டு வாரம் நேத்துலேர்ந்து எண்ணணும். காசு வருமான்னு சித்தப்பா இப்ப கேக்குறதில்ல. பக்கம் 17ஐ மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுடான்னு கேட்டு வாங்கி மடிச்சு சட்டப் பையில வச்சிருக்காரு.